கல்லாவில் உட்கார்ந்த கடல்பாம்புக்காரி

என் கடைக்கு வந்த அன்று அவள் முதலில் கேட்டது ஒரு லெமன் சோடா. அதில் பாதியைக் குடித்துவிட்டு அடுத்துக் கேட்டது, செத்த பாம்புகளை வைக்க இடம்.

வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் சுற்றி வளைத்திருப்பார்கள். ஆராய்ச்சி, சாம்பிள், யுனிவர்சிட்டி என்று நாலு வார்த்தை போட்டு என் தலையை ஆட்ட வைத்திருப்பார்கள். பாம்பு என்ற சொல்லைக் கடைசி வரை வெளியே விட்டிருக்க மாட்டார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"அக்கா, பின்னாடி ஒரு பழைய ஃப்ரீசர் சும்மா கெடக்குதே, அதுல கடல் பாம்பு வெச்சுக்கட்டுமா? செத்ததுதான். ஆனா செத்தாலும் பல்லுல விஷம் இருக்கும். யாரும் கை வைக்கக் கூடாது."

"ஏம்மா, இது கூல் பாரு. பொணம் வைக்கிற எடம் இல்ல" என்றேன்.

"தெரியும்க்கா. அதான் முன்னாடி இருக்கிற ஐஸ்கிரீம் ஃப்ரீசர்ல கேக்கல."

மரக்காணத்தில் உப்பளங்கள் முடிகிற இடத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் என் கடை. பாண்டிக்குப் போகிற கார்கள் உப்புக் குவியலை போட்டோ எடுக்க நிற்கும். எடுத்து முடித்ததும் தாகம் எடுக்கும். அதை வைத்துத்தான் என் பிழைப்பு. புது ஃப்ரீசர் வாங்கியபின் பழையதைப் பின்கட்டில் போட்டிருந்தேன். இவள் அதை எப்போது எட்டிப்பார்த்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேர் சொல்லப்போவதில்லை. கரையில் எல்லோரும் அவளைப் பாம்புக்காரி என்றுதான் சொன்னார்கள், எனக்கும் அது போதும். அப்பா அம்மா இருவரும் உப்பளத்தில் கூலி வேலை. இவள் பாண்டிச்சேரியில் கடல் பாம்புகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வலையில் சிக்கிச் சாகிற பாம்புகள் என்ன வகை, எவ்வளவு ஆழத்தில் சிக்கின, எப்படி விட்டால் பிழைக்கும் என்பதுதான் படிப்பு. படகுகள் காலையில் கரைக்கு வரும். பாண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாம்பு அழுகிவிடும். ஒருமுறை பஸ்ஸில் எடுத்துப் போயிருக்கிறாள். "பையில இன்னாம்மா?" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். கருவாடு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவளையும் பையையும் நடுவழியில் கூனிமேட்டில் இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது.

வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காட்டினாள். படித்துப் பார்த்தேன். சரி, வைத்துக்கொள் என்றேன். வாடகைக்குப் பதிலாக, மத்தியானம் நான் சமைத்துச் சாப்பிட்டு வருகிற நேரத்தில் கல்லாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புகளில் அது ஒன்று.

மூன்றாம் நாளே சென்னைக் கார் ஒன்று வந்து நின்றது. ஒரு அம்மா இறங்கி, "மேங்கோ ஜூஸ் ஃப்ரெஷ்ஷா?" என்று கேட்டார். உள்ளே கரண்டியும் கையுமாக நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது.

"இல்லைங்க. பாட்டில்ல வர்ற எசன்ஸ். கடைக்கு மாம்பழம் வந்து நான் பாக்கல. சாத்துக்குடி இன்னிக்குக் காலையில வந்துச்சு. அத நான் பாத்தேன்."

கார் போனபின் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, யாவாரம் பண்ற எடத்துல உக்காந்துக்கினு இப்பிடியா பேசுவ?"

"அவங்க கேட்டாங்கக்கா."

"கேட்டா? ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா உன் வாய் கோணிக்குமா?"

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "தெரியலக்கா. சொல்லிப் பாத்ததில்ல" என்றாள்.

அதற்குமேல் எப்படித் திட்டுவது? இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சென்னை அம்மா சாத்துக்குடி ஜூஸ் நாலு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். திரும்பி வரும்போதும் என் கடையில்தான் நிறுத்தினார். "அந்தப் பொண்ணு இல்லையா?" என்று கேட்டார். நான் இருக்கிறேனே என்று சொன்னேன். அவர் முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது நிஜம். நான் கெட்டவள் இல்லை. ஆனால் கடை நடத்துகிறவள். பஸ் இப்போது வரும், கரண்ட் இப்போது வந்துவிடும், பால் காலையில் காய்ச்சியது என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லும். யாருக்கும் அதனால் ஒரு கேடும் வந்ததில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கரையில் அவள் எப்படிப் பேசினாள் என்பதை ஒருநாள் நேரில் பார்த்தேன். மீன் வாங்கப் போயிருந்தேன். அதற்கு முந்தைய மாதம் யாரோ தொப்பி போட்ட ஒருவர் வந்து, கடல் பாம்பு சாது, ஒன்றும் செய்யாது, அதை அடிக்காதீர்கள் என்று மைக்கில் பேசிவிட்டுப் போயிருந்தார். ஒருவரும் நம்பவில்லை. வலையில் வந்த பாம்பை வழக்கம்போலக் கட்டையால் அடித்துத்தான் கடலில் எறிந்தார்கள். இவள் ஒரு படகுக்காரரிடம் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா பாம்புக்காரி, இது கடிச்சா இன்னா ஆவும்?"

"வலக்கடியன்னு பேரு வெச்சதே நீங்கதானண்ணா. கடிச்சா ஆளே போயிடலாம்."

"அப்ப அத அடிக்காதன்னு ஏன் சொல்ற?"

"அடிக்கத்தானே கிட்ட போறீங்க? அப்பதான் கடிக்கும். நீட்டுக் குச்சியால தள்ளி விட்டா அது கடல்ல விழுந்துடும். நீங்களும் பொழைப்பீங்க, அதுவும் பொழைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அது கண்டிப்பா பொழைக்குமான்னு எனக்குத் தெரியாது. நீங்க பொழைப்பீங்க" என்றாள்.

அந்தப் படகுக்காரர் சிரித்தார். அடுத்த வாரம் அவர் படகில் ஒரு நீளமான சவுக்குக் குச்சி இருந்தது. அப்புறம் இன்னும் சில படகுகளில். எல்லாப் படகும் இப்போது குச்சி வைத்திருக்கிறது என்று நான் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமை அடிப்பேன். "இருவதுல எட்டுக்கா" என்று கல்லாவிலிருந்து குரல் வரும்.

செத்துப்போன பாம்பு மட்டும் அவளுக்கு வரும். ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு, உள்ளே ஒரு சீட்டு வைப்பாள். எந்தப் படகு, எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை பாகம் ஆழம் என்று அதில் இருக்கும்; கடலில் ஆழத்துக்குப் பாகம்தான் கணக்கு, ஒரு பாகம் ஆறடி. அளந்து அறுத்துப் பார்ப்பதெல்லாம் பிறகு பாண்டியில். சீட்டு இல்லாமல் யாராவது கொண்டுவந்தால் வாங்கமாட்டாள். எங்கே பிடிபட்டது என்று தெரியாத பாம்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்பாள்.

இதையெல்லாம் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று நான் கேட்டிருக்கிறேன். ஊரே கேட்டது. எங்கோ தூரத்துத் தீவு ஒன்றில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதாகச் சொன்னாள். அங்கே கடல் பாம்புகளுக்கென்றே ஒரு வேலை இருக்கிறதாம். அந்த வேலைக்குப் போகவேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ப்ளஸ் டூவிலிருந்து அதே ஆசை.

"கெடச்சிடுமாடி?"

"நாலு பேரு கேட்டா ஒருத்தருக்குக் கெடைக்கும்க்கா. அந்த ஒருத்தர் நானான்னு தெரியாது."

நடுவில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் அம்மா கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். நல்ல குடும்பம், பையன் திண்டிவனத்தில் வேலை. பையனுடைய அம்மா, "பொண்ணு நல்லா சமைக்குமா?" என்று கேட்டார். ஊர் வழக்கத்துக்குக் கேட்கிற கேள்வி. பெண்ணின் அம்மாதான் பதில் சொல்ல வேண்டும். இவள் முந்திக்கொண்டாள்.

"ரசம் வெச்சா நாலு தடவையில ஒரு தடவ நல்லா வருதுங்க. சாம்பார் இன்னும் சரியா வரல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கையில் பாம்பு வாடை அடிக்கும், சோப்பு போட்டால் பெரும்பாலும் போய்விடும், சில நாள் போகாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததைப் பார்த்தேன். அவன் அம்மா சிரிக்கவில்லை. பஜ்ஜியை முடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். "கொஞ்சம் கூட்டிக் கொறச்சு சொல்லக் கூடாதாடி?" என்று அவள் அம்மா அழுதார். நானும் அதைத்தான் சொன்னேன். "அவங்க வந்து ரசத்தக் குடிச்சா தெரிஞ்சிடாதாக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் புயல் வந்தது. காற்று ஒரு நாள்தான், கரண்ட் போனது ஐந்து நாள். அவள் ஏரிக்கு அந்தப் பக்கம் தன் ஊருக்குப் போயிருந்தாள். ஏரித் தண்ணீர் ரோட்டை மறித்துக்கொண்டது. முதல் நாள் மத்தியானம் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு, "அக்கா, பாம்பு" என்றாள். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். இரண்டு வருஷ உழைப்பு பின்கட்டில் உருகிக்கொண்டிருந்தது. என் ஐஸ்கிரீம் எப்படியும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இதை நான் பெருமைக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரை வண்டியோடு அனுப்பி, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த ஐஸ் கம்பெனியிலிருந்து ஐஸ் வாங்கி வரச் சொன்னேன். கொழுந்தனாருடைய உப்பளத்தில் தார்ப்பாய் மூடிய குவியலிலிருந்து இரண்டு மூட்டை கல்லுப்பு வந்தது. ஐஸில் உப்பைக் கலந்தால் குளிர் நிற்கும் என்பது மரக்காணத்தில் யாருக்கும் தெரியும். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ், உப்பு, பாம்பு, மறுபடி ஐஸ், உப்பு என்று அடுக்க ஆரம்பித்தேன்.

அங்கேதான் என் கை என்னை மாட்டிவிட்டது. கருவாடு போட்டுப் பழகிய கை அது. உப்பு உடம்பில் படவேண்டும். கவரோடு யாராவது மீனை உப்பில் வைப்பார்களா? இடுக்கியால் பிடித்து, கவரைப் பிரித்துப் பிரித்துப் பாம்பை உப்பில் படுக்கவைத்தேன். ஒவ்வொரு கவரையும் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். பதினொரு பாம்பைப் பிரித்தபின்தான் புத்தி வந்தது. சாப்பிடவா போகிறோம்? சீட்டு அல்லவா முக்கியம்!

திரும்பக் கவரில் போட உட்கார்ந்தேன். எட்டைச் சரியாகப் போட்டுவிட்டேன். அதற்குள் ஒரு காற்று உள்ளே புகுந்து மிச்சம் மூன்று கவரையும் பின்கட்டு முழுக்கச் சுழற்றியது. பிடித்துக்கொண்டு வந்தபோது எது எந்தப் பாம்புடையது என்று தெரியவில்லை. முகத்துவாரத்தில் பிடிபட்டது ஒன்று, பன்னிரண்டு பாகத்தில் பிடிபட்டது இரண்டு. குத்துமதிப்பாக மூன்றையும் போட்டுக் கட்டினேன். மற்றதையெல்லாம் கவரோடே ஐஸில் வைத்தேன். ஐந்து நாளும் ஐஸும் உப்பும் மாற்றிக்கொண்டே இருந்தேன். கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் திரும்ப ஃப்ரீசரில் வைத்தேன்.

தண்ணீர் வடிந்ததும் அவள் ஓடிவந்தாள். ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"எல்லாம் அதது கவர்லயே இருந்துச்சாக்கா?"

"அதது கவர்லதான்" என்றேன். பால் காலையில் காய்ச்சியது என்று சொல்கிற அதே வாய்.

நாலு மாசம் கழித்து ஒரு மத்தியானம் குதித்துக்கொண்டு வந்தாள். அவள் குதித்து நான் பார்த்ததில்லை. "அக்கா, யாரும் பாக்காதத பாத்துட்டேன்க்கா!" ஆழக்கடலிலேயே இருக்கிற சின்னத் தலைப் பாம்பு ஒன்று, நம் முகத்துவாரத்து வலையில் பிடிபட்டிருக்கிறதாம். இவ்வளவு கரைக்குக் கிட்டே அது வந்ததாக இந்தப் பக்கம் யாரும் எழுதியதில்லையாம். புயல் சமயத்தில் நான் காப்பாற்றியதில் இருந்த பாம்பு. அவளுடைய புரொபசர் சந்தோஷத்தில் தீவு ஆராய்ச்சி நிலையத்துக்கே எழுதிவிட்டார். இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது.

அந்த மூன்று கவர்தான் என் கண்ணில் வந்து நின்றது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாய மூடிக்கினு இரு. அந்தப் பொண்ணுக்கு வேல கெடைக்கப் போவுது, நீ ஏன் கெடுக்கற?" என்றார். அதுவும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இதுவரை நான் சொன்ன பொய்யில் யாருக்காவது நல்லது நடந்தது என்றால் இது ஒன்றுதான். இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன்.

மூன்றாம் நாள் கல்லாவில் உட்கார்ந்து, இன்டர்வியூவில் பேசவேண்டியதை எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரியையும் படிப்பாள். இதை நான் பார்த்தேனா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். பார்த்தது என்றால் டிக், இல்லையென்றால் அடித்துவிடுவாள். நல்ல நல்ல வரியையெல்லாம் ஈவிரக்கம் இல்லாமல் அடித்தாள். முகத்துவாரத்துப் பாம்பு வந்தது. ஒரு நொடிகூட யோசிக்காமல் டிக் போடப்போனாள். நான் சொன்ன ஒரு வார்த்தைதான் அதற்குக் காரணம். என்னால் தாங்க முடியவில்லை.

"அதுக்கு டிக் போடாதடி."

"ஏங்க்கா?"

"அந்தப் பாம்பு அந்தக் கவர்ல இருந்ததான்னு எனக்குத் தெரியாது."

எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு, கருவாட்டுப் புத்தி, காற்று, எல்லாம். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தன கவரப் பிரிச்சீங்க?"

"பதினொண்ணு."

"எத்தன மாறிப்போச்சு?"

ஒன்று, இரண்டு என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. "மூணு" என்றேன். "மிச்சம் எட்டும் அதது கவருதான். சத்தியமா."

கண் சிவந்துவிட்டது அவளுக்கு. "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் நான் உங்கமேல கோவமா இருக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். நாலு நாள் வரவில்லை. அவள் சொன்ன கணக்கு தப்பாகப் போய் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்த நாலு நாளும் கடையில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு பெண்ணின் பத்து வருஷ ஆசையை ஒரு கவரில் கட்டிக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து அழுதேன். ஐந்தாம் நாள் வந்து, ஒன்றும் நடக்காததுபோல ஒரு லெமன் சோடா கேட்டாள்.

"பாம்பு சிக்குனப்பவே சில படகுக்காரங்க வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பியிருந்தாங்கக்கா, அத வெச்சுப் பாத்தேன். நீங்க சொன்ன எட்டுல ஆறுக்கு போட்டோ இருந்துச்சு. ஆறும் சரியா இருக்குது. மிச்சம் ரெண்டுக்கும், மாறிப்போன மூணுக்கும் போட்டோ இல்ல."

"அந்த ரெண்டும் சரிதாண்டி."

"இருக்கலாம்க்கா" என்றாள்.

மாறிப்போன மூன்றையும், போட்டோ இல்லாத இரண்டையும், ஆக ஐந்து பாம்பை அவள் ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிட்டாள். அந்த அபூர்வப் பாம்பும் போயிற்று. புரொபசர் தலையில் அடித்துக்கொண்டாராம். அதோடு விட்டாளா? அந்தப் பாம்பு எங்கே பிடிபட்டது என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோலச் சொல்லிவிட்டேன் என்று தீவுக்குத் தானே எழுதிப்போட்டாள். அது போனால் போகட்டும், இன்டர்வியூவுக்கு வா என்று பதில் வந்தது. கையில் பெரிதாகக் காட்ட ஒன்றும் இல்லாமல் கிளம்பிப் போனாள். போகிற அன்று கடைக்கு வந்து கல்லாச் சாவியைக் கொடுத்தபோது, எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து தீவிலிருந்து போன் வந்தது.

"அக்கா, அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. அந்த பாம்பு சமாச்சாரத்தத்தான் ரொம்ப நேரம் கேட்டாங்க. நடந்தத சொன்னேன்."

"என்னப் பத்தியுமாடி சொன்ன?"

"கேட்டாங்கக்கா. கூல் பார், உப்பு, கருவாடு எல்லாம் சொன்னேன். சிரிச்சாங்க. அதுல வயசான ஒருத்தரு, 'அந்த அக்காவ நீ நம்புறியாம்மா'ன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நம்புறேன் சார்னு சொன்னேன். ஒடனே, 'அப்ப அந்த ரெண்டு பாம்ப ஏன் எடுத்துட்ட?'ன்னு கேட்டாரு."

"அதுக்கு?"

"நம்புறேன்றதுக்காகச் சேத்துட முடியுமா சார்னு கேட்டேன். அவரு எதையோ எழுதிக்கினாரு." கொஞ்சம் மூச்சு விட்டாள். "வேல கெடச்சிடுச்சுக்கா. வர்ற ஒண்ணாந்தேதி சேரச் சொல்லிட்டாங்க."

இதை முதலில் சொல்வதற்கென்ன என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். நம்புறேன் என்று அவள் சொன்னதுதான் காதில் நின்றது. சும்மா சொல்கிற வாய் இல்லையே அது. கடை வாசலில் ஜூஸுக்கு நின்றிருந்த புருஷனும் பெண்சாதியும் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என் தங்கச்சிக்கு வேல கெடச்சிருக்குது" என்றேன்.

"கூடப் பொறந்தவளா?"

"ஆமா. கூடப் பொறந்தவதான்."

அதைத் திருத்த அவள் பக்கத்தில் இல்லை.